பன்னிரண்டாவது பாட்டில்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் நின்றுவிட்டது. அங்கே வறண்ட காற்றில் உன் முழங்கால் கொஞ்சம் இளகியிருக்கும் என்று நம்புகிறேன். அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல். போனில் என் குரலைக் கேட்டால் உனக்குப் பேச வராது என்றாய். அதனால் கடிதம்.

உன் வீட்டுச் சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நேற்றுப் போய் ஜன்னல்களைத் திறந்து மூடினேன். பின்பக்கப் படிக்கட்டில் ஆற்றுத் தண்ணீர் மூன்றாவது படிவரை ஏறியிருக்கிறது.

ஆளில்லாமல் மிதந்த படகில் என்ன கிடைத்தது என்று கேட்டிருந்தாய். அத்தானின் மழைச்சட்டை, உப்பு அளக்கும் மீட்டர், குறிப்பேடு. பிறகு மரப்பெட்டி. அதில் பன்னிரண்டு பாட்டில்களும் உடையாமல் இருந்தன. பதினொன்றில் அயோடின் விட்டிருந்தார், தேநீர் நிறம். பன்னிரண்டாவதில் விடவில்லை. ஈரம் படாமல் லேபிள் எழுத முதலில் மூடிவிடுவார், எழுதி முடித்துத் திறந்து அயோடின் விடுவார். அந்தப் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். லேபிள் எழுதியிருக்கிறது. 'இடம் 12. முகத்துவாரம். 11.40.' எழுத்து ஆடவில்லை.

அயோடின் விடாத தண்ணீரில் நுண்ணுயிர்கள் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கில் சேராது, கொட்டிவிடலாம் என்றார் ஆய்வக மேலாளர். நான் அதை என் அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 15

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடுகிறேன் என்று பொய் எழுதாதே. உன் கையெழுத்து இளைத்திருக்கிறது.

இங்கே தண்ணீர் லாரியில் வருகிறது. தொட்டியில் விழும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். "உனக்குத் தண்ணி சத்தமே ஆகலையா?" என்றாள் அண்ணி. நல்லவள்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவளுடைய சித்தி நேற்று வந்தாள். படகுத்துறையில் யாரோ சொன்னார்களாம். "மூணு வருஷமா முகத்துவாரம் பக்கமே தலைகாட்டாத மனுஷன், அன்னைக்கு மட்டும் எதுக்குப் போனாராம்? வேணும்னே போயிருப்பாரு." தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் வேண்டுமென்றே போனாரா, இல்லையா? உடம்பு கிடைக்காத வீட்டில் இந்தக் கேள்விதான் பிணம் மாதிரி நடுவில் கிடக்கிறது.

அதற்கு முந்தின நாள் ஆபீசில் யாராவது அவரிடம் ஏதாவது சொன்னார்களா? விசாரித்து எழுது.

அன்று காலை நான் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் சைக்கிளில் செருகிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீ எழுதியதில் பொட்டலம் இல்லை.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு வேளை சாப்பிடுகிறேன், இது பொய் இல்லை. உனக்கு வலி எப்படி இருக்கிறது?

அத்தானின் பாட்டில்களை எண்ண ஆரம்பித்திருக்கிறேன். தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். மிதந்தவை எல்லாம் அடியில் இறங்கும். பிறகு மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். ஒரு பாட்டிலுக்கு இரண்டு நாள் ஆகும். நான்கு முடிந்தது.

முதல் இடத்தில் பச்சைப் பற்சக்கரங்கள் மாதிரியான பாசிகள், எல்லாம் நன்னீரில் வாழ்பவை. இரண்டில் அவை குறைகின்றன. நான்கில் பாதிக்குப் பாதி உடைந்து, வெறும் தோலாகக் கிடக்கின்றன. உப்பு வந்து தொட்டிருக்கிறது. அத்தான் ஒவ்வொரு இடத்திலும் படகை நிறுத்தியிருக்கிறார், அக்கா. நிரப்பியிருக்கிறார், எழுதியிருக்கிறார், அடுத்த இடத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வராமல் இருக்க நினைத்தவர் இவ்வளவு வரிசையாக வேலை பார்ப்பாரா?

புதிதாக ஒருவர் தண்ணீர் எடுத்து வருகிறார். நல்ல மனிதர். அவருடைய லேபிளில் ஒன்பதும் நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும்போது வேறு கையெழுத்தை எதிர்பார்க்கிறேன்.

ஜன்னல் பாட்டிலில் வெயில் படும் பக்கம் மட்டும் மெல்லிய பழுப்பு படர்ந்திருக்கிறது.

உன் தங்கை

*

மார்ச் 20

சின்னவளுக்கு,

வலி இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் கண் எப்படி? நாள் முழுக்க அந்தக் குழாயில் கண்ணை வைக்காதே. சின்ன வயதில் எறும்புக்குக் கால் எண்ணிக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்தவள் நீ.

அவர் வரிசையாகப் போனார் என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை படித்தேன். அவர் வரிசையான ஆள்தான். சட்டைப் பொத்தானைக்கூடக் கீழேயிருந்து மேலே போடுவார். வரிசையாகவே பன்னிரண்டையும் முடித்துவிட்டு, பிறகு அதையும் செய்யக்கூடியவர். எனக்கு இது போதவில்லை.

நீ படித்தவள். மறைக்காமல் எழுது. தண்ணீரில் விழுந்தது என்ன ஆகும்? அண்ணனிடம் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். எனக்கு அழுகிற ஆள் வேண்டாம், தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஜன்னல் பாட்டிலில் அவர் இருக்கிறாரா?

ஆபீசில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டிருந்தேன். விட்டுப்போயிருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. நீ கேட்டதை எழுதுகிறேன். இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுவது இது.

முதலில் வருவது பாக்டீரியா. அவை புதிதாக எங்கிருந்தும் வருவதில்லை, ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. இலையோ மரமோ மீனோ, எல்லாமே அவற்றுக்கு ஒன்றுதான். கரைக்கின்றன. கரைந்ததை உண்டு பெருகுகின்றன. அவற்றை அவற்றைவிடக் கொஞ்சம் பெரியவை உண்கின்றன. மிஞ்சியது உப்பாகத் தண்ணீருக்குத் திரும்பி, வெளிச்சத்தில் பாசியாகிறது. ஏழாம் இடத்தில் நன்னீரும் கடலும் சந்திக்கின்றன. அங்கே மண்ணும் அழுகலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெள்ளைப் பொடிபோல நாளெல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அலை ஏறும்போது மறுபடி எழும்பும். அதனால் எதுவும் போய்விடுவதில்லை. உருவம்தான் இல்லாமல் போகிறது.

பாட்டிலைப் பற்றி. மூடி இறுகிய பிறகுதான் அவர் தண்ணீரில் விழுந்திருக்கிறார். ஆகவே அதற்குள் அவர் இல்லை. அவர் இல்லாத கடைசித் தண்ணீர் அதுதான். அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த ஒவ்வொரு பாட்டிலிலும், எண்ண முடியாத அளவில், அவர் இருக்கக்கூடும். நான் எண்ணுகிறேன். மேலாளர் கேட்டால் பாசி என்று சொல்வேன்.

பத்து பாட்டில்கள் முடிந்தன. எட்டுக்கு மேல் எல்லாம் கடலுக்குரியவை: சங்கிலி சங்கிலியாகக் கண்ணாடி ஓடுகள். உண்மையாகவே அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

பதினொன்றை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவர் முடித்த கடைசி வேலை அது. எண்ணிவிட்டால் பிறகு எண்ண ஒன்றும் இல்லை.

வெயில் ஏறுகிறது. நிறையத் தண்ணீர் குடி.

உன் தங்கை

*

ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

பாக்டீரியா பற்றி எழுதினாய். பாசி பற்றி எழுதினாய். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய். ஒன்றைத் தவிர.

'உண்மையாகவே' அவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். போகாமலும் இருந்திருக்கலாம் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா

*

ஜூன் 7

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். ஏழு வாரம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான்தான் சொன்னேன்.

முந்தின நாள் மாலை நான்கு மணி. பாட்டில் கழுவும் அறை. அத்தான் குழாயடியில் நின்று ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். என் கையில் அவருடைய போன மாதத்துப் பன்னிரண்டாவது பாட்டில்.

"அத்தான், முகத்துவாரத்துக்குப் போனீங்களா?"

"போகாம? பாட்டில் தானா நடந்து வருமா?"

"இதுல உப்பே இல்ல."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஒரு சிட்டிகை போடலாம்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்." சிரித்தார். நான் சிரித்திருக்கலாம்.

உனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு பாட்டிலிலும் ஒரே உயிர்கள்தான் இருந்தன. அவருடைய குறிப்பேட்டில் உப்பு ஏறிக்கொண்டே போகும். உயிர்கள் மட்டும் மாறாது. சாதாரண ஆள் உடனே சந்தேகப்பட்டிருப்பான். நான் படித்தவள் இல்லையா, விளக்கம் கண்டுபிடித்தேன். இந்த ஆற்று உயிர்கள் உப்புக்குப் பழகிவிட்டன என்று ஒன்றரை வருடம் உட்கார்ந்து அறுபது பக்கம் எழுதினேன். மேலாளர் பாராட்டினார். ஒருநாள் எல்லா பாட்டிலிலும் கருநீல மணிகள் இருப்பதைக் கவனித்தேன். அயோடின் பட்டால் மாவு அப்படி ஆகும். அரிசி கழுவிய தண்ணீர். கடல் வாயில் யார் அரிசி கழுவுகிறார்கள்? உன் வீட்டுப் பின்படிக்கட்டு ஞாபகம் வந்தது. அங்கேயே பன்னிரண்டையும் நிரப்பியிருக்கிறார்.

கோபம் ஆற்றுக்காக இல்லை, உண்மைக்காகவும் இல்லை. என் அறுபது பக்கத்துக்காக.

"நாளைக்கு நெஜமாவே போய் எடுத்துட்டு வாங்க. இல்லன்னா மேல எழுதிக் குடுத்துடுவேன். அக்கா புருஷன்னெல்லாம் பாக்கமாட்டேன்."

குழாயை மூடினார். சொட்டிக்கொண்டே இருந்ததால் மறுபடி இறுக்கினார். "சரி, போறேன். உங்க அக்காகிட்ட இதச் சொல்லாத," என்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். திருப்தியாகக்கூட இருந்தது.

வேலைக்காகத்தான் போனார், அக்கா. சாகப் போகவில்லை. இதை பிப்ரவரியிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் யார் என்பதும் கூடவே வந்துவிடும். அதனால் பாசிகளை எழுதினேன்.

உன் தங்கை

*

ஜூலை 30

அக்காவுக்கு,

நலமா என்று மட்டும் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம். அண்ணியிடம் சொன்னால் ஒரு வரி எழுதிவிடுவாள்.

பாட்டிலில் பழுப்பு கருத்து, அடியில் இறங்கி, அதன்மேல் புதிதாகப் பச்சை வந்திருக்கிறது. ஒன்று செத்து ஒன்றுக்குச் சோறாகிறது. மூடியைத் திறக்கவில்லை.

தங்கை

*

ஆகஸ்ட் 26

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இருக்கிறேன். காய்ச்சல் வந்து போனது. நீயும் இருப்பாய்.

எனக்குத் தெரியும். அன்று மாலை வந்ததும், "நாளைக்கு நானே போறேன்" என்றார். "யாரு கண்டுபிடிச்சது?" என்றேன். "கண்ணு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தங்க" என்றார். அந்த ஆபீசில் கண் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நீயாக எழுதுகிறாயா என்று பார்த்தேன். எழுதாமலே இருந்திருந்தால் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளியிருப்பேன். அது வசதியாக இருந்தது. எழுதிக் கெடுத்துவிட்டாய்.

இப்போது என் முறை.

பாட்டிலை நிரப்பியது அவர் இல்லை. நான்.

மூன்று வருடமாக அவருக்கு வலிப்பு. முதல் தடவை படகிலேயே வந்தது, கரையோரம் என்பதால் பிழைத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் படகை வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? அதனால் நான் பிடிவாதம் பிடித்தேன். "தண்ணியில எறங்க வேண்டாம். பாட்டில நான் ரொப்பறேன், நீங்க எழுதுங்க." படகை எடுத்துப்போய்ப் பாலத்தடியில் நிழலில் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். பாட்டிலெல்லாம் அதற்கு முன்பே, காலையில் படிக்கட்டில் முடிந்துவிடும். ஒரு பக்கம் அரிசி கழுவுவேன், ஒரு பக்கம் பாட்டிலை முக்கி எடுப்பேன். அவர் மேல்படியில் உட்கார்ந்து எழுதுவார்.

"இது எதுங்க?"

"இது கடல். பயபக்தியாப் புடி."

"கடல்ல சோப்பு நுரை மெதக்குது."

"அலைன்னு வெச்சுக்க."

நாங்கள் அந்தப் படிக்கட்டில் சிரித்த மாதிரி வேறெங்கும் சிரித்ததில்லை. உன் அறுபது பக்கம் அந்தச் சிரிப்புத்தான். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவருக்கு உடம்பு முடியல, கண்டுக்காத." ஒரே வார்த்தை. படித்தவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை எழுதாதது. அன்று மாலை நான் எவ்வளவு மறித்தும் அவர் கேட்கவில்லை. "போறதா இருந்தா அப்படியே போயிடுங்க" என்றேன். நான் கடைசியாகச் சொன்னது அதுதான். காலையில் பேசவில்லை. பொட்டலத்தைச் செருகிவிட்டு உள்ளே வந்தேன்.

அவர் எதற்காக முகத்துவாரம் போனார் என்பது எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். என் வார்த்தையைக் கூடவே எடுத்துக்கொண்டு போனாரா என்பதுதான் தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்கிற ஆள் அவர். அதுதான் பயம்.

பதினொன்றை எண்ணு. என்ன இருந்தாலும் எழுது.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறியதா? நான் நலம். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போனேன். பிறகு எண்ணினேன்.

பதினொன்றாவது பாட்டிலில் அயோடின் வெளிறியிருந்தது. புதிதாகச் சில சொட்டு சேர்த்துக் குழாயில் இறக்கி வைத்தேன். மறுநாள் காலை ஏழரைக்கு உட்கார்ந்தேன்.

கடலின் கண்ணாடிச் சங்கிலிகள். நெற்றியில் கொம்பு முளைத்தவை சில. எல்லாம் அந்த இடத்தில் இருக்க வேண்டியவை. நாற்பத்து மூன்றாவது கட்டத்தில் நீலம்.

முதலில் படிக்கட்டுத் தண்ணீர்தான், பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். இல்லை. அரிசி கழுவிய தண்ணீரில் இருப்பது வேகாத பச்சை மாவு. மணிகள் சின்னதாக, மூலை மூலையாக, கெட்டியாக இருக்கும். உன் மணிகளை நான் ஒன்றரை வருடம் பார்த்திருக்கிறேன், எங்கே பார்த்தாலும் தெரியும். இது வேறு. உப்பி, விளிம்பு உடைந்து, பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி. வெந்த சோறு. பக்கத்திலேயே எண்ணெய்த் துளிகள். மொத்தம் இருபத்தாறு நீலத் துணுக்குகள் எண்ணினேன். ஒன்று முதல் பத்து வரை எதிலும் இது இல்லை, அத்தனை குறிப்பையும் திரும்பப் பார்த்துவிட்டேன்.

பத்தாம் இடத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். சாப்பிட்டிருக்கிறார், அக்கா. கையை ஆற்றில் அலசிவிட்டு, சரியாக அலசாமல், அதே கையால் பாட்டிலை முக்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எந்தப் பாட்டிலும் சொல்லாது. வலிப்பாக இருக்கலாம், அலையாக இருக்கலாம். நான் சொல்லக்கூடியது பன்னிரண்டாவதின் மூடி இறுகியது வரைதான். அதுவரை அவர் பசித்துச் சாப்பிட்டவர், அடுத்த பாட்டிலுக்கு லேபிள் எழுதியவர்.

ஆய்வகக் குறிப்பேட்டில் நீலத் துணுக்கு என்று எழுத ஒரு கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடத்துக் கணக்கு பொய் என்பதையும், என் மிரட்டலையும் மேலாளருக்குத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னையும் வலிப்பையும் எழுதவில்லை.

உன் தங்கை

*

செப்டம்பர் 25

சின்னவளுக்கு,

நலம். தேறிவிட்டேன்.

நீ எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். சித்தியிடம் அவளே சொல்லிக்கொள்வாள், அந்த வாய் இதற்காவது பயன்படட்டும்.

அன்று அந்தச் சோற்றில் உப்பு போடவில்லை. கோபம். தெரிந்துதான் போடாமல் விட்டேன். அதையும் சாப்பிட்டிருக்கிறார். என்னமோ போ.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். உன்னைப் பார்க்க வரவில்லை, உன்னை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாட்டிலைப் பார்க்க வருகிறேன். நான் வரும்வரை மூடியைத் திறக்காதே. வெயில் அதிகமாகப் படாமல் கொஞ்சம் தள்ளி வை.

மதியத்துக்குள் வந்துவிடுவேன். இரண்டு பேருக்குச் சமைத்து வை. உப்பு போடு.

அக்கா